நிலமும் பதிவேடும்: வங்காளத்தில் நடந்தது

(சங்கத்தின் கிளைக் கூட்டத்தில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)

"ஆன்மிகம் நிறையப் பேர் பேசியாகிவிட்டது மாமா, நீங்கள் உங்கள் உத்தியோக அனுபவத்திலிருந்து ஏதாவது சொல்லுங்களேன்" என்று செயலாளர் கேட்டுக்கொண்டார். நான் படித்தது பி.எஸ்ஸி. பௌதிகம். உத்தியோகம் பார்த்தது மத்திய சர்க்காரின் புள்ளிவிவரத் துறையில். வக்கீல் அல்ல, சரித்திர ஆசிரியரும் அல்ல. ஆனால் கணக்கெடுப்புக்காகப் பல வருஷங்கள் வயல் வரப்பில் நடந்தவன் என்ற முறையில் நிலத்தைப் பற்றிக் கொஞ்சம் பேசலாம் என்று நினைக்கிறேன். நம்மில் பாதிப்பேருக்குக் காவிரிக் கரையிலோ தாமிரபரணிக் கரையிலோ ஒரு காலத்தில் நிலம் இருந்தது. அது எப்படிப் போயிற்று என்று அவரவர் வீட்டில் ஒரு கதையும் இருக்கும். அந்தக் கதைக்குப் பிறகு வருகிறேன். முதலில் வங்காளம்.

1970-களின் நடுவில் எனக்குக் கல்கத்தாவுக்கு மாற்றலாயிற்று. பர்த்வான், ஹூக்ளி ஜில்லாக்களில் பயிர் அறுவடைப் பரிசோதனைகளை மேற்பார்வை செய்வது என் வேலைகளில் ஒன்று. பேராசிரியர் மஹலனோபிஸ் வங்காளத்தில் வளர்த்த மாதிரிக் கணக்கெடுப்பு முறையின் வழிவந்தது அது. எந்த வயல் என்பதை நாம் தேர்ந்தெடுக்கக் கூடாது. எண் அட்டவணை எந்த சர்வே நம்பரைச் சொல்கிறதோ அங்கே போக வேண்டும். குறிப்பிட்ட அளவில் ஒரு துண்டை அளந்து, நெல்லை அறுத்து, அடித்து, எடை போட வேண்டும். அதற்கு முன் படிவத்தில் இரண்டு கேள்விகள்: நிலத்தின் சொந்தக்காரர் யார், சாகுபடி செய்பவர் யார்?

முதல் கேள்விக்கு உடனே பதில் வரும். இரண்டாவதற்குத்தான் வராது. கையில் அரிவாளோடு, முழங்கால் வரை சேற்றோடு நிற்கிறவரிடம் கேட்டால் அவரும் சொந்தக்காரரின் பெயரையே சொல்வார். "அப்படியானால் நீங்கள் யார்?" என்றால் "நான் சும்மா உதவிக்கு வந்தவன் பாபு" என்பார். அவருடைய அப்பாவும் அதே வயலில் உழுதவர் என்பது டீக்கடையில் உட்கார்ந்தால் ஐந்து நிமிஷத்தில் தெரிந்துவிடும். படிவத்தில் மட்டும் வராது. அளவு எடுக்கும் கருவியே அளக்கப்படும் பொருளை மாற்றிவிடுகிறது என்று பௌதிகத்தில் படித்திருந்தேன். அதை வங்காளத்து வயலில்தான் நேரில் பார்த்தேன். சர்க்கார் காகிதம் ஒன்று கண்ணில் பட்டதும் சாகுபடிக்காரர் மறைந்துவிடுவார்!

இந்தப் பயம் ஒரு நாளில் வந்ததல்ல. இதன் வேர் 1793-ல் இருக்கிறது. அந்த வருஷம் மார்ச் 22-ஆம் தேதி காரன்வாலிஸ் பிரபு நிரந்தர நிலவரித் திட்டத்தை அறிவித்தார். வங்காளம், பீஹார், ஒரிஸ்ஸா பகுதிகளில் ஜமீன்தார்களே நிலத்தின் சொந்தக்காரர்கள் என்று சட்டம் ஆயிற்று. அவர்கள் கம்பெனிக்குக் கட்ட வேண்டிய தொகை என்றென்றைக்கும் மாறாது. குடியானவர்களிடம் வசூலாவதில் பதினொன்றில் பத்துப் பங்கு கம்பெனிக்கு, ஒரு பங்கு ஜமீன்தாருக்கு என்பது அடிப்படைக் கணக்கு. தவணை நாளன்று சூரியன் அஸ்தமிப்பதற்குள் பணம் கட்டாவிட்டால் ஜமீன் ஏலத்துக்கு வந்துவிடும். இதற்கு 'சூரிய அஸ்தமனச் சட்டம்' என்றே பெயர் வந்துவிட்டது. அடுத்த இருபது வருஷங்களில் எத்தனையோ பழைய ஜமீன்கள் இப்படிக் கைமாறின.

ஜமீன்தாரை நிலச் சொந்தக்காரர் ஆக்கினால் இங்கிலாந்துப் பிரபுக்களைப் போல நிலத்தில் பணம் போட்டு விவசாயத்தை வளர்ப்பார் என்பது எண்ணம். நடந்தது வேறு. ஏல பயத்தில் ஜமீன்தார் தன் பொறுப்பைக் கீழே தள்ளினார். பர்த்வான் மகாராஜா தம் ஜமீனைத் துண்டு துண்டாக்கி 'பட்னி' என்ற பெயரில் நிரந்தரக் குத்தகைக்கு விட்டார். பட்னிதார் தர்-பட்னி விட்டார், அவருக்குக் கீழே இன்னொருவர். 1819-ல் இந்த ஏற்பாட்டுக்குச் சட்ட அங்கீகாரமும் கிடைத்தது. உழுகிறவனுக்கும் ஜமீன்தாருக்கும் இடையில் சில இடங்களில் ஐம்பதுக்கும் மேற்பட்ட அடுக்குகள் இருந்ததாக 1930-ல் சைமன் கமிஷனே எழுதியிருக்கிறது. ஐம்பது பேரும் உட்கார்ந்து சாப்பிட வேண்டும், ஒருவன் உழ வேண்டும்.

உழுகிறவனைப் பற்றி 1793 சட்டம் பேசவே இல்லை என்று சொல்ல முடியாது. குடியானவர்களின் பாதுகாப்புக்காகப் பின்னால் சட்டம் செய்யும் உரிமையை சர்க்கார் வைத்துக்கொண்டது. ஜமீன்தார் ஒவ்வொரு குடியானவனுக்கும் பட்டா எழுதித் தர வேண்டும் என்று விதியும் போட்டது. ஆனால் அதே வேளையில், கிராமக் கணக்குகளைச் சரிபார்க்கும் கானூங்கோ என்ற பழைய உத்தியோகத்தை ரத்து செய்தது. பட்வாரி, அதாவது நம் ஊர்க் கணக்குப்பிள்ளைக்குச் சமமானவர், ஜமீன்தாரின் ஆளாகவே ஆகிவிட்டார். எந்த வயலை யார் எத்தனை வருஷமாக உழுகிறார், வாடிக்கையான குத்தகை என்ன என்று சொல்லக்கூடிய ஏடு முழுக்க ஜமீன் கச்சேரிக்குள் போய்ச் சேர்ந்தது. பட்டா விதி ஏட்டளவில் நின்றது. ஜமீன்தார் தரவில்லை, குடியானவர்களும் பல இடங்களில் வாங்கவில்லை. அதில் எழுதப்படும் தொகை வழக்கத்தைவிட அதிகமாக இருக்கும் என்று அவர்களுக்குத் தெரியும். நான் பார்த்த அரிவாள்காரரின் பயம் அவருடைய ஏழெட்டுத் தலைமுறைக்கு முந்தையது என்று இதனால்தான் சொல்கிறேன்.

பிறகு 1799-ல் 'ஹஃப்தம்' என்று ஜனங்கள் அழைத்த ஏழாவது ரெகுலேஷன் வந்தது. குத்தகை பாக்கி என்றால் கோர்ட்டுக்குப் போகாமலே குடியானவனின் பயிரையும் மாட்டையும் ஜப்தி செய்யலாம், அவனைக் கச்சேரிக்கு வரவழைக்கலாம் என்றது. ஒரு பக்கத்துக்குச் சட்டம், மறு பக்கத்துக்கு வாக்குறுதி. இதுதான் அறுபது வருஷம்.

1859-ஆம் வருஷச் சட்டம் ஒரே நிலத்தைப் பன்னிரண்டு வருஷம் தொடர்ந்து சாகுபடி செய்தவருக்கு நிலைத்த உரிமை உண்டு என்றது. ஜமீன் நிர்வாகம் என்ன செய்தது? பதினோராவது வருஷத்தில் குடியானவனை வேறு துண்டுக்கு மாற்றிவிட்டது! 1873-ல் பாப்னா ஜில்லாவில் குடியானவர்கள் சங்கம் கூடி எதிர்த்தார்கள். 1885-ல் வங்காளக் குத்தகைச் சட்டம் வந்தபோது இந்தத் தந்திரத்தை அடைத்தார்கள். அதே துண்டாக இருக்க வேண்டாம், அதே கிராமத்தில் பன்னிரண்டு வருஷம் ஏதாவது நிலம் வைத்திருந்தால் போதும் என்றார்கள். வயல் வயலாக அளந்து உரிமைப் பதிவேடு எழுதவும் வழி செய்தார்கள். எழுதியவர்கள் மெனக்கெட்டு எழுதினார்கள். ஆங்கிலேயர் செய்த வேலைகளில் எனக்கு மதிப்பு உள்ளது இந்த சர்வே.

ஆனால் அப்போதும் ஒரு வகையினர் வெளியே நின்றார்கள். விளைச்சலில் பாதியைக் கொடுத்துவிட்டு வாரத்துக்கு உழும் பர்காதார்கள். 1885 சட்டத்தால் உரிமை பெற்ற வசதியான குடியானவர்களே, 'ஜோத்தார்' என்ற பெயரில், அவர்களுக்கு எஜமானர்கள் ஆனார்கள். 1928-ல் வந்த திருத்தம் பொதுவாகப் பர்காதார் குத்தகைதாரரே அல்ல என்று சொல்லிவிட்டது. ஃப்ளவுட் கமிஷன் 1940-ல் ஜமீன்தாரி முறையை ஒழிக்கவும் பர்காதாருக்கு உரிமை தரவும் சிபாரிசு செய்தது. 1946-47-ல் தேபாகா போராட்டம். 'தேபாகா' என்றால் மூன்று பங்கு; அதில் இரண்டு பங்கு தங்களுக்கு என்றார்கள். அவர்களுடைய இன்னொரு கோரிக்கை எனக்குப் பங்கைவிட முக்கியமாகப் படுகிறது. அறுத்த நெல்லை ஜோத்தார் களத்துக்குக் கொண்டுபோக மாட்டோம், எங்கள் களத்தில் அடிப்போம் என்றார்கள். யார் களத்தில் நெல் கிடக்கிறதோ அவர் கையில்தான் அளவு இருக்கும். தஞ்சாவூர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

சுதந்திரத்துக்குப் பிறகு நாடெங்கும் ஜமீன்தாரி ஒழிப்புச் சட்டங்கள் வந்தன. பீஹார் சட்டத்தை 1951 மார்ச்சில் பாட்னா ஹைகோர்ட் செல்லாது என்றது. மூன்றே மாதத்தில் அரசியல் சட்டத்தின் முதல் திருத்தம் வந்து, ஒன்பதாவது அட்டவணை பிறந்தது. மேற்கு வங்காளம் 1953-ல் ஜமீன்களை எடுத்துக்கொண்டது. தனிநபருக்கு விவசாய நிலம் 25 ஏக்கர் உச்சவரம்பு. குடும்பத்துக்கு அல்ல, தனிநபருக்கு. கேட்க வேண்டுமா! பிறந்த குழந்தை, பெயரளவிலான உறவினர் என்று நிலம் பங்காகிப் பதிவாயிற்று. மீன் வளர்க்கும் நீர்நிலைக்கு விலக்கு என்று தெரிந்ததும் நல்ல நெல் வயலில் தண்ணீரைக் கட்டி மீன் பண்ணை என்றார்கள். 1955 நிலச் சீர்திருத்தச் சட்டமும் பிறகு வந்த திருத்தங்களும் பர்காதாரைக் காரணமில்லாமல் வெளியேற்றக் கூடாது, உழவு மாடு, விதை, உரம் எல்லாம் அவருடையதானால் விளைச்சலில் முக்கால் பங்கு அவருக்கே என்றெல்லாம் சொல்லின. நான் அங்கே போனபோது இவையெல்லாம் அமலில் இருந்த சட்டங்கள். அந்த அரிவாள்காரர் "உதவிக்கு வந்தவன்" என்று சொன்னதும் அப்போதுதான். பர்காதார் என்று எழுதப்பட்டவருக்குத்தானே உரிமை!

1977 ஜூனில் இடதுசாரி முன்னணி ஆட்சிக்கு வந்தது. எனக்கு அந்தக் கட்சிகளின் சித்தாந்தத்தில் ஈடுபாடு இல்லை, அன்றும் இல்லை. ஆனாலும் அவர்கள் 1978-ல் தொடங்கிய 'ஆபரேஷன் பர்கா'வைப் பற்றி நேர்மையாகச் சொல்ல வேண்டும். நிலச் சீர்திருத்த கமிஷனராக இருந்த தேவவிரத பந்தோபாத்யாய என்ற ஐ.ஏ.எஸ். அதிகாரி இதன் சூத்திரதாரி. ஹூக்ளி ஜில்லாவில் ஹலுசாய் என்ற ஊரில் அந்த மே மாதம் ஒரு முகாம் நடத்தினார்கள். அதிகாரிகளும் ஏழைக் குடியானவர்களும் சமமாக உட்கார்ந்து பேசினார்கள். சட்டம் இருந்தும் நீங்கள் ஏன் பெயர் பதிய வருவதில்லை என்று கேட்டதற்குக் குடியானவர்கள் தந்த பதில் எளியது: நீங்கள் கிராமத்துக்கு வந்தால் ஜோத்தார் வீட்டில் உட்கார்ந்து டீ குடிக்கிறீர்கள், நாங்கள் வயலில் இருக்கும் பகல் வேளையில் வருகிறீர்கள், ஒவ்வொருவரையும் தனித்தனியாகக் கூப்பிடுகிறீர்கள். தனியாக வந்தால் பயம். சாயங்காலம் எங்கள் தெருவுக்கு வாருங்கள், எல்லோரும் சேர்ந்து சொல்கிறோம்.

அப்படியே செய்தார்கள். சாயங்காலம் பர்காதார்கள் வசிக்கும் பகுதியில் கூட்டம். பிறகு வயலுக்கே போய்ச் சரிபார்ப்பு. பட்டியலை எல்லோரும் பார்க்கும்படி ஒட்டி, ஆட்சேபம் கேட்டு, அங்கேயே முடிவு செய்து 'பர்ச்சா' என்ற சான்று. பிறர் நிலத்தில் சாகுபடி செய்பவர் பர்காதார் என்றே கொள்ளப்படும், இல்லை என்று நிரூபிப்பது நிலச்சொந்தக்காரரின் பொறுப்பு என்று சட்டத்திலும் திருத்தம் வந்திருந்தது. எனக்கு இதில் நேரடிப் பங்கில்லை. என் கணக்கெடுப்பு வேலையாகப் போன ஒரு கிராமத்தில் அரிக்கேன் விளக்கு வைத்து நடந்த கூட்டத்தைப் பின்னால் நின்று பார்த்தேன். முதலில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. ஒரு கிழவர் எழுந்து தன் பெயரைச் சொல்லவில்லை; பக்கத்து வயல்காரரின் பெயரைச் சொன்னார். அவர் இவர் பெயரைச் சொன்னார். அப்புறம் குமாஸ்தாவுக்கு எழுதி மாளவில்லை. 1990-களுக்குள் 14 லட்சத்துக்கும் மேற்பட்ட பர்காதார்களின் பெயர் பதிவேட்டில் ஏறியிருந்தது. புதிதாக ஒரு ஏக்கர் நிலம்கூட யாரிடமிருந்தும் எடுக்கப்படவில்லை. ஏற்கெனவே சட்டம் சொன்னதை எழுதினார்கள், அவ்வளவுதான்.

விளைச்சல் கூடியதா? அபிஜித் பானர்ஜி (2019-ல் நோபல் பரிசு பெற்றவர்) வேறு இருவருடன் 2002-ல் வெளியிட்ட ஆராய்ச்சிக் கட்டுரை, இந்தப் பதிவுக்கு விளைச்சல் உயர்வில் கணிசமான பங்கு உண்டு என்கிறது. வேறு சிலர் ஆழமில்லாத குழாய்க் கிணறுகளும் கோடைக்கால போரோ நெல்லும்தான் பெரிய காரணம் என்கிறார்கள். இரண்டும் சேர்ந்தே என்பது என் அபிப்பிராயம். நாளைக்கும் இந்த வயல் தன்னிடம் இருக்கும் என்று தெரிந்தவன்தான் அடுத்த போகத்துக்கு எருப் போடுவான்.

குறைகளும் உண்டு. வயலே இல்லாத கூலியாளுக்கு இதனால் எதுவும் இல்லை. பதிவான பெயர்கள் பெரும்பாலும் ஆண்களுடையவை. முன்பு எதற்கெடுத்தாலும் ஜோத்தார் வீட்டு வாசல் என்றிருந்தது, பிறகு கட்சி ஆபீஸ் வாசல் ஆயிற்று. நிலச் சொந்தக்காரர்கள் எல்லோரும் பெரிய ஜோத்தார்கள் அல்ல. கல்கத்தாவில் என் பக்கத்து வீட்டில் ஒரு விதவை இருந்தார். மூன்று ஏக்கரிலிருந்து வந்த நெல்லை நம்பிப் பையனைப் படிக்க வைத்தவர். அவருடைய பர்காதார் அவரைவிட வசதியானவர். சட்டத்துக்கு இருவரும் ஒன்றுதான். இதற்கு என்னிடம் நல்ல பதில் கிடையாது.

பெயர் எழுதப்படுவதன் அருமை சிங்கூரில் மறுபடி தெரிந்தது. 2006-ல் கார் தொழிற்சாலைக்காக அங்கே 997 ஏக்கர் கையகப்படுத்தப்பட்டது. பதிவான பர்காதாருக்கு நில விலையில் கால் பங்கு நஷ்ட ஈடு என்றார்கள். பதிவாகாத பர்காதார், கூலியாள்? அவர்கள் எந்தக் கணக்கிலும் இல்லை. போராட்டத்துக்குப் பின் 2008-ல் தொழிற்சாலை வேறு மாநிலத்துக்குப் போயிற்று. 2016 ஆகஸ்டில் சுப்ரீம் கோர்ட் கையகப்படுத்தியதே செல்லாது என்று நிலத்தைத் திருப்பித் தரச் சொன்னது. எந்தக் கட்சி இந்தப் பதிவுக்காகவே பேர் வாங்கியதோ அது இந்த விவகாரத்துக்குப் பிறகு ஆட்சியையே இழந்தது.

இப்போது நம் கதை. தஞ்சாவூர் ஜில்லாவில் ஜமீன் அதிகமில்லை. மன்றோ வளர்த்த ரயத்துவாரி முறையில் சர்க்கார் நேரடியாக ரயத்திடம் வரி வாங்கும். அந்த ரயத் யார்? மிராசுதார். பட்டா அவர் பெயரில். ஏர் பிடித்த புறக்குடியின் பெயரோ, பண்ணையாளின் பெயரோ அந்த ஏட்டில் இல்லை. மிராசுதார்களில் நம்மவர்கள் ஏராளம். பெயர் காகிதத்தில் பத்திரமாக இருந்ததால் நாம் இங்கிலீஷ் படிக்கவும், மதராஸ், பம்பாய், கல்கத்தா என்று உத்தியோகத்துக்குப் போகவும் முடிந்தது. நெல் மட்டும் வருஷா வருஷம் வந்தது. 1961-ஐ ஒட்டி ஆந்த்ரே பெத்தே என்ற சமூகவியலாளர் தஞ்சாவூர் கிராமம் ஒன்றின் அக்ரஹாரத்திலேயே தங்கி ஆராய்ந்தார். சந்தன்நகரில் பிறந்த வங்காளத்துக்காரர் அவர். நிலமும் அதிகாரமும் அக்ரஹாரத்தைவிட்டு நகர்ந்துகொண்டிருப்பதை 1965-ல் வெளியான நூலில் அன்றே எழுதிவிட்டார். நம்மவர்கள் அதைப் படித்த மாதிரி தெரியவில்லை.

1952-ல் ராஜாஜி முதல் மந்திரியாக இருந்தபோதே தஞ்சாவூர்ப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1955-ல் சாகுபடிதாரர் பாதுகாப்பு, 1956-ல் நியாயக் குத்தகை, 1969-ல் குத்தகை உரிமைப் பதிவுச் சட்டம். கிராமக் கர்ணம் உத்தியோகம் பரம்பரையாக வந்ததையும் 1980-ல் எம்.ஜி.ஆர். அரசு ஒழித்தது. "எங்கள் நிலத்தைச் சட்டம் போட்டுப் பறித்துக்கொண்டார்கள்" என்று கல்யாண வீடுகளில் இன்றும் கேட்கிறேன். நான் அதை ஒப்புக்கொள்வதில்லை. மூன்று தலைமுறையாக நாம் பம்பாயில் இருந்தோம், அவர் வயலில் இருந்தார். நம் பெயரைத் தாங்கியதும் ஒரு சட்டம், அவர் பெயரை எழுதியதும் ஒரு சட்டம். முதலாவதை தர்மம் என்றும் இரண்டாவதை அக்கிரமம் என்றும் சொல்ல என் கணக்கு இடம் தரவில்லை. வங்காளத்து விதவையைப் போல இரண்டு ஏக்கரை மட்டும் நம்பி அக்ரஹாரத்தில் இருந்த பாட்டிகள் கஷ்டப்பட்டது நிஜம். அது வேறு விஷயம்.

மாமிகளுக்கு ஒரு வார்த்தை. 1956 ஹிந்து வாரிசுரிமைச் சட்டத்தில், விவசாய நிலத்தைப் பற்றிய சில மாநிலச் சட்டங்களை இது பாதிக்காது என்று ஒரு விலக்கு இருந்தது. பல மாநிலங்களில் பெண்களுக்கு நிலம் கிடைக்காமல் போக அது வழியாயிற்று. 2005 திருத்தத்தில் அதை நீக்கினார்கள். பெண்ணும் பிறப்பாலேயே கூட்டுக் குடும்பச் சொத்தில் பங்காளி ஆனாள். தமிழ்நாட்டில் இது 1989-லேயே வந்துவிட்டது, அதற்குள் கல்யாணமாகிவிட்டவர்கள் நீங்கலாக. 2005-ல் தகப்பனார் உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்ற அவசியமும் இல்லை என்று 2020-ல் சுப்ரீம் கோர்ட் தெளிவாக்கியது. ஆனால் தாத்தா போய் நாற்பது வருஷமாகியும் பட்டா தாத்தா பெயரிலேயே இருக்கிற வீடுகளில் பெண்ணின் பெயர் எப்படி ஏறும்? கம்ப்யூட்டர் வந்துவிட்டதே என்பார்கள். பழைய ஏட்டில் இருந்ததைத்தான் அதுவும் காட்டும்.

ஊரில் இன்னும் நிலம் இருப்பவர்கள் அடுத்த முறை குலதெய்வத்துக்குப் போகும்போது கிராம நிர்வாக அலுவலரிடம் சிட்டா, அ-பதிவேடு நகலோடு அடங்கலையும் வாங்கிப் பாருங்கள். பட்டா யார் பெயரில் என்று சிட்டா சொல்லும், வயலில் யார் இருக்கிறார் என்று அடங்கல் சொல்லும். அவருடைய பெயரை விசாரியுங்கள், அவர் வீட்டுக்கும் ஒரு நடை போய்வாருங்கள். விற்பதானாலும் வைத்துக்கொள்வதானாலும் முதலில் அவரிடம் பேசி, எழுத்தில் செய்யுங்கள். பட்டா மாற்றலுக்கு என்னென்ன காகிதம் வேண்டும் என்று கேட்பவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னிடம் வரலாம். ஒரு தாளில் எழுதி வைத்திருக்கிறேன்.